எண்ணெயை வெளுக்கும் கரி

பிரிக்பீல்ட்ஸுக்கு நீங்கள் எத்தனையோ முறை வந்திருப்பீர்கள். தீபாவளிக்குப் புடவை எடுக்க, கல்யாணத்துக்கு மாலை சொல்ல, கந்தசாமி கோயிலில் அர்ச்சனை செய்ய, அதுவும் இல்லாவிட்டால் கே.எல். சென்ட்ரலில் இறங்கி வேறு இரயில் பிடிக்க. துன் சம்பந்தன் சாலையில் நடப்பவருக்கு மூக்கே வழிகாட்டி. முதலில் மல்லிகை, அப்புறம் ஊதுவத்தி, அடுத்து வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் ரசம், கடைசியில் வடைச் சட்டி. ஆனால் இன்று நான் உங்களை அழைத்துப் போவது இவற்றில் எதற்கும் அல்ல. கடைகளுக்குப் பின்னால், சந்துக்குள், சாக்கில் கட்டி ஓரமாகச் சாத்தி வைத்திருக்கும் கொட்டாங்கச்சியைப் பார்க்கத்தான்!

சிரிக்க வேண்டாம். காரணம் இருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை வடை வாங்க நின்றுகொண்டிருந்தேன். கடைக்கார அம்மா கரண்டியால் எண்ணெயைத் தள்ளிக்கொண்டே கேட்டார்.

"தம்பி, நீங்க பத்திரிகையில எழுதுறவங்கதானே? ஒண்ணு கேக்கவா? எண்ணெ கறுத்துப் போனா கொட்டாங்கச்சிக் கரியைப் போட்டு வடிகட்டினா தெளிஞ்சிடும்னு ஒருத்தர் சொன்னாரு. பேக்டரியிலகூட அப்படித்தான் செய்றாங்களாம். நெசமா?"

"கறுப்பைக் கறுப்பு வெளுக்குமா அக்கா?" என்று சொல்லிச் சிரித்து மழுப்பிவிட்டேன். எனக்கும் விடை தெரியாது என்பதே உண்மை. வடையைத் தின்று முடித்த பிறகும் கேள்வி மட்டும் தொண்டையில் நின்றது. அதன் பின்னால் போன பயணம்தான் இந்தக் கட்டுரை.

கேள்வி பிறந்த இடம் மிகப் பொருத்தமானது என்று பிற்பாடு தோன்றியது. பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே செங்கல் சூளையால் வந்ததுதானே! 1881-ஆம் ஆண்டில் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்கின. அத்தாப்பு வீடுகள் போதும் என்றிருந்த ஊர் அதன் பிறகு செங்கல்லுக்கும் ஓட்டுக்கும் மாறியது. கப்பித்தான் யாப் ஆ லோய் காலத்தில் இந்தப் பகுதியின் களிமண்ணைத் தோண்டிச் சூளை போட்டார்கள். பிறகு இரயில்வே வந்தது. 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையின் புக்கிட் கூடா வரை முதல் வண்டி ஓடியது. இரயில்வே வேலைக்கு யாழ்ப்பாணத்தாரும் தமிழ்நாட்டாரும் இங்கே வந்து குடியேறினார்கள். மண்ணும் நெருப்பும் நீராவியும் உருவாக்கிய ஊர் இது. எண்ணெயை வெளுப்பதும் இதே மூன்றுதான் என்று யாராவது அன்றைக்குச் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

முதலில் கரியின் குணத்தைப் பார்ப்போம். நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் கரி புதிதல்ல. பல்பொடியில் கரி, தண்ணீர்ப் பானையின் மணலோடு கரி என்று புழங்கியவர்கள்தாம். ஐரோப்பாவில் இதை முறையாகக் கண்டறிந்து சொன்னவர் தோபியாஸ் லோவிட்ஸ் என்ற வேதியியலார். 1785-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், பழுப்பேறிய கரைசலில் கரித்தூளைப் போட்டால் நிறம் இறங்கிவிடுவதை அவர் கவனித்தார். பிறகு சர்க்கரை ஆலைகள் எலும்புக் கரியை எடுத்துக்கொண்டன. நாம் அள்ளிப் போடும் வெள்ளைச் சீனி வெள்ளையானதில் கரிக்கும் பங்கு உண்டு!

ஆனால் அடுப்புக் கரி வேறு, தொழிற்சாலைக் கரி வேறு. கொட்டாங்கச்சியைக் காற்றுப் படாமல் 400 முதல் 600 டிகிரி வரை சுட்டால் சாதாரணக் கரி கிடைக்கும். அதன் துளைகளில் தார் அடைத்துக்கொண்டிருக்கும். அந்தக் கரியை மறுபடி உலையில் இட்டு, 800 டிகிரிக்கு மேல், ஏறத்தாழ 1000 டிகிரி வரைகூடச் சூடாக்கி, அதன்மேல் நீராவியைச் செலுத்துகிறார்கள். அந்தச் சூட்டில் நீராவி கரியையே கொஞ்சம் கொஞ்சமாக அரித்துத் தின்கிறது. அடைப்புகள் திறந்து, துளைக்குள் துளையாகப் பெருகுகிறது. பாடப்புத்தகம் இதைக் கிளர்வூட்டிய கரி என்கிறது. ஆலைக்காரர்கள் ஆக்டிவேட்டட் கார்பன் என்பார்கள். இதில் ஒரே ஒரு கிராமை எடுத்து, அதன் துளைச் சுவர்களையெல்லாம் விரித்துப் பரப்பினால் ஏறத்தாழ 1000 சதுர மீட்டர் வரும். நான்கு டென்னிஸ் ஆடுகளங்களை மூடிவிடலாம்! அழுக்கு அந்தச் சுவர்களில் போய் ஒட்டிக்கொள்கிறது. கரி அதை உறிஞ்சிக் குடிக்கிறது என்று சொல்வதைவிட, தன் சுவரில் ஒட்டவைத்துக்கொள்கிறது என்று சொல்வதே சரி.

முதல் உலகப் போரில் நச்சுப் புகை வந்தபோது படைவீரர்களின் முகமூடிக்குள் இருந்தது இந்தக் கரிதான். அதற்குக் கொட்டாங்கச்சியே மிகச் சிறந்தது என்று கண்டார்கள். 1918-இல் அமெரிக்காவில் கொட்டாங்கச்சி போதாமல், பீச் பழக்கொட்டைகளை எறியாமல் சேர்த்துக் கொடுக்கும்படி பொதுமக்களைக் கேட்டுக்கொண்டார்கள். எறிகிற கொட்டை ஓர் உயிரைக் காப்பாற்றிய காலம் அது.

சரி, வாருங்கள், இரயில் ஏறுவோம். கே.எல். சென்ட்ரல் இருக்கும் இடம் முன்பு இரயில் பெட்டிகளைக் கோத்துப் பிரிக்கும் பெரிய வெளியாக இருந்தது. புதிய நிலையம் 2001-இல் திறக்கப்பட்டது. அங்கிருந்து கொமுட்டரில் கிள்ளான் போக ஏறக்குறைய ஒரு மணி நேரம். பெட்டாலிங், சுபாங், ஷா ஆலாம் என்று ஒவ்வொன்றாகக் கடக்கும்போது, பால்மரமும் செம்பனையும் நின்ற பூமியில் இன்று வீடுகள் நிற்பதைச் சன்னலோரம் பார்க்கலாம். பெரியவர்கள் யாரேனும் பக்கத்தில் இருந்தால், "இங்கதான் எங்க தோட்டம் இருந்துச்சு" என்று கையை நீட்டாமல் இருக்க மாட்டார்கள்.

கிள்ளானிலிருந்து தெற்கே பந்திங் சாலையில் போனால் தெலுக் பங்லிமா காராங். அங்கிருந்து பாலம் கடந்தால் கேரித்தீவு. எட்வர்ட் வாலன்டைன் கேரி என்ற தோட்டத்துரையின் பெயர் அது. மரச்சிற்பத்துக்குப் பேர்போன மா மெரி மக்களின் ஊரும் இதே தீவில்தான். மற்றபடி கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை, செம்பனை, செம்பனையே. நம் நாட்டில் செம்பனையை வாணிகப் பயிராக முதலில் நட்டது இதே சிலாங்கூரில்தான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1917-இல், கோலசிலாங்கூர் பக்கம் தென்னமாராம் தோட்டத்தில், ஹென்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் அதைத் தொடங்கினார்.

தோட்டத்து வாசகர்களுக்கு ஆலையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அதன் வாசமே உங்களுக்குப் பாடம். பட்டணத்து வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். லோரியில் வரும் குலைகளையும் உதிரிப் பழங்களையும் நீராவியில் வேகவைக்கிறார்கள். குலையிலிருந்து பழத்தை உதிர்த்து, கூழாக்கி, பிழிந்தால் சிவந்த எண்ணெய். பிழிந்த பிறகு மிஞ்சுவது நாரும் கொட்டையும். கொட்டையை உடைத்தால் உள்ளே பருப்பு, வெளியே ஓடு. இரண்டையும் எப்படிப் பிரிப்பது? பல ஆலைகளில் களிமண் கரைத்த தண்ணீரில் கொட்டுகிறார்கள். பருப்பு மிதக்கும், ஓடு மூழ்கும். பார்த்தீர்களா, பிரிக்பீல்ட்ஸின் களிமண் இங்கேயும் வந்து நிற்கிறது!

100 கிலோ குலையில் எண்ணெய் ஏறத்தாழ 20 கிலோ, பருப்பு 5 கிலோ, ஓடு 5 அல்லது 6 கிலோ. மீதியெல்லாம் வெறுங்குலையும் நாரும் தண்ணீரும். அந்த ஓட்டைக் குறைக்க விஞ்ஞானிகள் பட்ட பாடு ஒரு தனிக்கதை. பழைய மரங்களில் ஓடு தடிப்பாக இருந்தது. தடித்த ஓட்டு இனத்தையும் ஓடே இல்லாத இனத்தையும் கலந்தால் மெல்லிய ஓட்டு இனம் பிறக்கும் என்பதை 1941-இல் காங்கோவில் கண்டு சொன்னார்கள். இன்று நம் தோட்டங்களில் நிற்பது அந்த மெல்லிய ஓட்டு இனம்தான். ஓடு தேவையில்லாத பொருள் என்று அவ்வளவு காலம் கருதியிருக்கிறார்கள்.

ஆலையில் உழைத்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், தேநீர்க் கடையில் உட்கார்ந்து, ஓட்டின் வரலாற்றை நாலு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

"அப்பல்லாம் மழை பேஞ்சா லோரி சேத்துல மாட்டிக்கும். ஓட்டை அள்ளி ரோட்டுல கொட்டித்தான் டயரு ஏறும். பாக்கி பாய்லருக்கு. இப்ப ஒரு ஓட்டைக் கீழ விடமாட்டாங்கய்யா, கப்பல் ஏறி ஜப்பானுக்குப் போவுதாம்!"

அவர் சொன்னது சரிதான். 2012-இல் ஜப்பான், புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தை நல்ல விலை கொடுத்து வாங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதன் பிறகு அங்கே பெருகிய மின்நிலையங்கள், செம்பனைக் கொட்டை ஓட்டை எரிபொருளாக இங்கிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வாங்குகின்றன. மலேசியாவின் கச்சாச் செம்பனை எண்ணெய் உற்பத்தி அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு 1 கோடியே 80 இலட்சம் டன்னுக்கு மேல். மேலே சொன்ன கணக்குப்படி ஓடு எவ்வளவு வரும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 50 இலட்சம் டன்! சேற்றில் கொட்டிய பொருள் அது.

இந்த ஓட்டிலிருந்தும் நல்ல கிளர்வூட்டிய கரி எடுக்க முடியும். நம் பல்கலைக்கழகங்களும், பாங்கியில் தலைமையகம் கொண்ட மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியமும் இதை ஆராய்ந்திருக்கின்றன. பிரிக்பீல்ட்ஸிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் மலாயாப் பல்கலைக்கழகத்திலிருந்து 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, செம்பனை ஓட்டையும் கொட்டாங்கச்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டது. நுண்துளை விஷயத்தில் செம்பனை ஓடுதான் முந்தியது. கொட்டாங்கச்சி தோற்றுப் போனது என்று அர்த்தமில்லை, இரண்டாம் பரிசு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் அக்காவின் கேள்விக்கு வருவோம். எண்ணெய் ஆலையில் கரியைப் போடுகிறார்களா?

தெலுக் பங்லிமா காராங்கிலும் கிள்ளான் துறைமுகப் பக்கத்திலும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் நிற்கின்றன. செம்பனை எண்ணெய் பிழியும்போது ஏன் சிவப்பு? காரட்டுக்கு நிறம் கொடுக்கும் கரோட்டின் அதில் பத்து இலட்சத்தில் 500 முதல் 700 பங்கு இருக்கிறது. முதலில் சிறிது பாஸ்பரிக் அமிலம் சேர்த்துப் பசைப்பொருளைப் பிரிக்கிறார்கள். பிறகு காற்றை நீக்கிய கலத்தில், ஏறத்தாழ 100 டிகிரி சூட்டில், எண்ணெயோடு ஒரு மண்ணைக் கலக்கிறார்கள். வெளுக்கும் மண் என்று பெயர். நூறு கிலோ எண்ணெய்க்கு அரைக் கிலோ முதல் இரண்டு கிலோ வரை. வடிகட்டிய பிறகு 240 முதல் 260 டிகிரி சூட்டில் நீராவியை ஊதினால் வாடை போகும், மிச்சமிருக்கும் சிவப்பும் அழியும். ஆக, செம்பனை எண்ணெயை வெளுப்பதில் பெரிய பங்கு மண்ணுக்கும் சூட்டுக்கும்தான். சத்தான கரோட்டினை இப்படித் தொலைத்துவிட்டு, பிறகு காரட் வாங்கிச் சாப்பிடுகிறோம் நாம்! அது கிடக்கட்டும்.

கரி இல்லாமல் முடியாத இடம் வேறு. அது தேங்காய் எண்ணெய்.

பாகான் டத்தோ, சபாக் பெர்ணம் பக்கம் தென்னந்தோட்டத்தில் வளர்ந்தவர்கள் கொப்பரைப் பரணை மறந்திருக்க மாட்டார்கள். உடைத்த தேங்காயை மேலே பரப்பி, கீழே கொட்டாங்கச்சியையும் மட்டையையும் மூட்டிப் புகையில் காயவைப்பார்கள். மழைக்காலத்தில் வெயிலை நம்பி இருக்க முடியுமா? அந்தப் புகை கொப்பரையில் படியும். புகையில் பென்சோபைரின் போன்ற பொருள்கள் உண்டு. பென்சோபைரின் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு முதல் வகுப்பில் சேர்த்திருக்கிறது. கொப்பரையை ஆட்டும்போது அது எண்ணெயோடு வந்துவிடும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அந்தப் புகைப் பொருள்களில் இலேசானவை கடைசியில் நீராவி ஊதும்போது ஆவியாகப் போய்விடும். கனமானவை, பென்சோபைரின் உட்பட, போகாது. மண்ணுக்கும் சரியாக அகப்படாது. கிளர்வூட்டிய கரியைக் கொஞ்சம் மண்ணோடு சேர்த்துப் போட்டால்தான் அவை துளைச் சுவர்களில் மாட்டிக்கொள்ளும். ஐரோப்பாவில் சமையல் எண்ணெய்க்கு விதித்த வரம்பு, ஒரு கிலோவுக்கு 2 மைக்ரோகிராம் பென்சோபைரின்தான். ஒரு கிராமைப் பத்து இலட்சமாகப் பங்கிட்டால் அதில் இரண்டு பங்கு! புகையில் காய்ந்த கொப்பரையின் எண்ணெய் அந்தக் கதவைத் தாண்ட வேண்டுமானால் கரியைத்தான் நாட வேண்டும்.

வேடிக்கை இதுதான். கொட்டாங்கச்சியின் புகை எண்ணெயைக் கெடுத்தது. அதே கொட்டாங்கச்சி, உலையில் வெந்து நீராவி குடித்த பிறகு, தான் கெடுத்ததைத் தானே எடுக்கிறது. முள்ளை முள்ளால் எடுப்பது என்பார்களே, அது இதற்காகவே பிறந்த மாதிரி இருக்கிறது.

இதைத் தொழிலாக எடுத்து முன்னேறியவர்கள் இலங்கையில் இருக்கிறார்கள். 1973-இல் அங்கே தொடங்கிய ஹேகார்ப் நிறுவனம் இன்று கொட்டாங்கச்சிக் கரியில் உலகின் பெரிய உற்பத்தியாளர்களில் ஒன்று. தமிழ்நாட்டில் காங்கேயம் வட்டாரத்தில் கொப்பரைக் களமும் எண்ணெய் ஆலையும் கரித்தொழிலும் அக்கம் பக்கமாக நடக்கின்றன. ஆனால் இதில் எல்லாம் இனிப்பு இல்லை. ஏறத்தாழ 3 டன் கொட்டாங்கச்சி சுட்டால் 1 டன் சாதாரணக் கரி. அதை நீராவியில் அரித்தால் பாதியோ அதற்கும் குறைவோதான் மிஞ்சும். மீதியெல்லாம் புகையும் வாயுவும். அதைப் பிடித்து எரித்து உலைக்கே சூடாகக் கொடுப்பவன் நல்ல தொழில்காரன். திறந்த குழியில் சுட்டு ஊர்மேல் விடுகிறவன் எண்ணெயைச் சுத்தம் செய்கிறேன் என்று அக்கம்பக்கத்தார் நெஞ்சை அசுத்தம் செய்கிறான். கரி சுட்ட குழியில் தணிக்க ஊற்றும் தண்ணீர் எங்கே இறங்குகிறது என்பதையும் கேட்க வேண்டும். வடிகட்டிய பிறகு மிஞ்சும் மண்ணும் கரியும் சும்மா கிடப்பதில்லை. எண்ணெய் ஊறிய அந்தக் கசடு குவித்து வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பற்றக் கூடியது.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. துன் சம்பந்தன் பெயரைத் தாங்கிய சாலையில் இருந்து புறப்பட்டோம் அல்லவா? தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர்கள் தெருவில் நின்ற காலத்தில், 1960-இல், அவர் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதாமாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டம் வாங்கினார்கள். மரத்துக்குக் கூலியாக இருந்தவர்கள் மரத்துக்குப் பங்காளி ஆனார்கள். அப்படிப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் ஓட்டை டன் கணக்கில் விறகாக விற்பதோடு நின்றுவிடலாமா? விறகு ஒரு தடவை எரியும், விலையும் விறகு விலைதான். கரியாக்கிக் கிளர்வூட்டிய பிறகு அது தண்ணீர் நிலையத்துக்கும் எண்ணெய் ஆலைக்கும் தங்கச் சுரங்கத்துக்கும் போகிற சரக்கு. உலையும் நீராவியும் படித்த பிள்ளைகளும் வேண்டும், கடன் வேண்டும், புகைக்குப் பதில் சொல்லும் பொறுப்பும் வேண்டும். சுலபமென்று நான் சொல்லவில்லை. பத்து வெள்ளி கட்டியதும் சுலபமாக இருந்திருக்காது.

இரவு இரயிலில் பிரிக்பீல்ட்ஸ் திரும்பினேன். வடைக்கடை அக்கா சட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"பேக்டரியில கரி போடுறது நெசம்தான் அக்கா. ஆனா அது வேற கரி. புது எண்ணெயில இருக்கிற புகை அழுக்கை எடுக்கத்தான் போடுறாங்க. நம்ம அடுப்புக் கரியிலயே தார் இருக்கு. அதைப் போட்டா இருக்கிற அழுக்கு போதாதுன்னு இன்னும் கொஞ்சம் சேரும். தூளும் துணியில நிக்காது."

"நிறம் மட்டுமாச்சும் போவுமா?"

"நிறம் போனாலும் எண்ணெய் பழசுதானே அக்கா. திரும்பத் திரும்பக் காய்ச்சினதுல உண்டான கெடுதல் உள்ளயே இருக்கும். தெளிவாத் தெரிஞ்சா நீங்களும் நம்பிடுவீங்க, வாங்குறவங்களும் நம்பிடுவாங்க. அதான் ஆபத்து."

அக்கா சட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பழைய எண்ணெய் ஊற்றும் தகரத்தை இழுத்து, சட்டியைச் சாய்த்துவிட்டார். அந்தத் தகரத்தை எடுத்துப் போக ஆள் வருவானாம், கிலோவுக்கு இவ்வளவு என்று காசும் கொடுப்பானாம், டீசல் செய்கிறார்களாம்.

"அப்ப சந்துல கட்டி வச்சிருக்கிற கொட்டாங்கச்சியை என்னதான் பண்றது?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் பூக்கடைக்காரர் குறுக்கிட்டார். "அதுல ரெண்டு சாக்கு எனக்கு வேணும்க்கா. சாம்பிராணி போட நெருப்புக்கு அதைவிட வேற இல்ல."